பனாமா கால்வாய் கப்பல் பயணம்: அம்மா அப்பாவோடு எங்கெங்கே இறங்கலாம்?

வணக்கம், மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் அம்மா அப்பாவைப் பனாமா கால்வாய்க் கப்பலில் கூட்டிப்போகிறோம், கார்த்தஹேனா (கொலம்பியா), கொலோன் (பனாமா), லிமோன் (கோஸ்டா ரிக்கா) மூன்று இடத்தில் இறங்கலாம். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர், ஆற்று மதகு ஷட்டரை ஏற்றி இறக்கச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை காய்த்துப்போனவர். கப்பலையே 26 மீட்டர் மேலே தூக்கும் மதகுகளைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்கிறார். அதனால் கொலோனில் அகுவா கிளாரா பார்வையாளர் மையம்தான், 2016-ல் திறந்த பெரிய மதகு அங்கே இருக்கிறது. படிகள் அதிகமா, உட்கார நிழல் உண்டா?

கார்த்தஹேனாவில் கோட்டை ஏறுவது அம்மா முழங்காலுக்கு ஆகாது, மதில் சூழ்ந்த பழைய நகரத்தில் மெதுவாக நடந்தால் போதும். லிமோனில் படகில் போய் ஸ்லாத் (மரத்தில் தொங்கும், மெதுவாக நகரும் விலங்கு) பார்க்க ஆசை, படகில் ஏறி இறங்கக் கைப்பிடி இருக்குமா? கப்பல்காரர்கள் நடத்தும் டூர் விலை அதிகம்தான், ஆனால் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாக டாக்சி பிடித்துப் போனால் காத்திருக்காது. வயதானவர்களோடு வெளியில் புக் செய்து போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கொலம்பியா, பனாமாவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியா வந்தால் சான்றிதழ் கேட்பார்கள், 60 தாண்டியவர்களுக்கு டாக்டர் பார்த்துத்தான் போட வேண்டும். நம்ம பக்கத்திலிருந்து போனவர்கள் எந்த ஊரில் போட்டுக்கொண்டீர்கள்?