மறுமொழி: ‘வைக்கோல் காய்ச்சல்’ - வேறு சொல் உண்டா?

> பூவின் மகரந்தம் ஒவ்வாமல் தும்மல் வரும் ‘ஹே ஃபீவர்’ (hay fever) என்பதை நம் சொற்பட்டியலில் அப்படியே ‘வைக்கோல் காய்ச்சல்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம்.

வைத்துக்கொண்டால் எங்கள் ஊரில் காரியம் கெட்டுவிடும். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுத்து முடிந்ததும் புறக்கடையில் வைக்கோல் படப்பு நிற்கும். துண்டறிக்கையில் இந்தப் பெயரைப் பார்ப்பவர் படப்பைத் தூர மாற்றிவிட்டு நோய் தீர்ந்தது என்று இருந்துவிடுவார். இதில் காய்ச்சலும் கிடையாது: தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, அவ்வளவுதான். புது வைக்கோலின் வாடையால் வருவதாக இங்கிலாந்தில் ஒருகாலத்தில் நம்பினார்கள், அதனால் வந்த பெயர். புல்லின் மகரந்தமே காரணம் என்று ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் உடம்பிலேயே சோதித்து 1873-இல் எழுதிவிட்டார். ஆனாலும் ஆங்கிலேயர் பழைய பெயரை விடவில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வேறு சொற்களைப் பார்த்தால், ‘பீனிசம்’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் மூக்கு நோய் பலவற்றுக்கும் அதைச் சொல்கிறோம், மகரந்தம்தான் காரணம் என்று அந்தப் பெயரில் தெரியாது. ‘தாது ஒவ்வாமை’ எனக்கு மிகவும் பிடித்தது. பழம்பாடல்களில் தாது என்றால் பூந்தூள். என்ன செய்ய, குமரி மாவட்டத்தில் தாது என்றாலே கனிமத் தாது எடுக்கும் மணவாளக்குறிச்சி மணல்தான் நினைவுக்கு வரும்!

என் பரிந்துரை: பொதுமக்களுக்கு ‘மகரந்தத் தும்மல்’, மருத்துவ எழுத்துக்கு ‘மகரந்த மூக்கழற்சி’.

அப்புறம், மகரந்தத்தைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுவதற்கான ‘வடிகட்டிய காற்றோட்டம்’ என்ற சொல் பற்றி. சாதாரணக் கொசுவலையின் கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். புல் மகரந்தம் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). வலை மாட்டிய ஜன்னலை ‘வடிகட்டி’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். சரி, ஜன்னலையே சாத்திவிடலாம் என்றால், இந்தக் கடலோர ஈரத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்கும், மெத்தையில் தூசிச் சிற்றுண்ணி பெருகும். இரண்டுமே தும்ம வைப்பவை.

ஆகவே வேளை பார்த்துத் திறப்பதுதான் வழி. வெயில் காய்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும்போது காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, மறுபக்கத்தை மட்டும் திறந்து வைக்கலாம். சாரல் பெய்து ஓய்ந்தபின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் வீடு முழுக்கக் காற்று ஓடும். மழை மகரந்தத்தைத் தரையோடு படிய வைத்திருக்கும். இடிமழை மட்டும் விலக்கு. அப்போது மகரந்த மணிகள் வெடித்து நுண்துகளாகும். 2016 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அப்படியொரு இடிமழையின்போது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். இந்த முறைக்கு ‘வேளைக் காற்றோட்டம்’ என்று பெயர் வைக்கலாமா?

---

இதற்கு வந்த பதில்: அண்ணாச்சி, ‘மகரந்தத் தும்மல்’ எனக்குச் சம்மதம். கண் அரிப்பு அதில் அடங்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள்; கேட்கட்டும். ‘வேளைக் காற்றோட்டம்’ எனும்போது நேரம் மட்டும்தான் தெரிகிறது, நீங்கள் சொல்வதில் பாதி திசை அல்லவா? ‘காற்றறிந்து திறத்தல்’ என்றால் இரண்டும் வரும். மகரந்தத்துக்கென்றே கண் நெருக்கமான வலையும் விற்கிறார்கள். அதை ‘மகரந்த வலை’ என்று தனியாகவே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கூடவே, அது காற்றையும் கொஞ்சம் தடுக்கும் என்று விளக்கத்தில் ஒரு வரி போடுங்கள், இல்லாவிட்டால் வாங்கி மாட்டிவிட்டுப் புழுக்கம் என்று நம்மைத்தான் திட்டுவார்கள்.