இ.எஃப்.டி. தட்டுதல் செஞ்சு பார்த்தவங்க இருக்கீங்களா?

வணக்கம். ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததுலேருந்து அம்மாவுக்கு லாரி ஹாரன் கேட்டாலே நெஞ்சு படபடங்குது. இதயத்துல கோளாறு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இ.எஃப்.டி. (Emotional Freedom Techniques, பயம், பதற்றம் குறையறதுக்காக உடம்புல சில புள்ளிகளைத் தட்டற முறை) சொல்லிக்கொடுத்தாங்க. பயத்துக்கு 0-லேருந்து 10-க்குள்ள மார்க் போட்டுட்டு, உள்ளங்கை ஓரம், புருவத்தோட ஆரம்பம், கண்ணோரம், மூக்குக்குக் கீழே, காறை எலும்புன்னு விரல் நுனியால தட்டணும். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹனோட தட்டுதல் முறையை எளிமையாக்கி 1990-கள்ல கேரி கிரெய்க் உருவாக்கினது.

அம்மா முதல்ல சிரிச்சாங்க. ஆனா 8 போட்டவங்க நேத்து 5 போட்டாங்க! புள்ளியைத் தட்டினதாலயா, பயத்தை வாய்விட்டுச் சொன்னதாலயா, எனக்குச் சந்தேகம்தான்.

"இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் முழுசா ஏத்துக்கறேன்"னு தட்டும்போது சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். வேற எப்படிச் சொல்ல வைக்கலாம்? நடுவுல அழுதா நிறுத்திடணுமா? பிரஷர் மாத்திரை வழக்கம்போல போயிட்டிருக்கு. அனுபவம் உள்ளவங்க, மனநல ஆலோசகர்கள் யாராவது சொல்லுங்களேன்.