சிபியு ஆன் ஆகவே இல்லை, மதர்போர்டு போச்சு என்கிறார்கள். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மழைத்தூறல்:
வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் முந்தாநாள் வரை நன்றாக ஓடியது. அன்று இரவு இடி, மின்னல். படுக்கும்முன் ஷட்டவுன் செய்து பிளக்கையும் பிடுங்கி வைத்தோம். மறுநாள் காலை பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. ஃபேன் சுற்றவில்லை, முன்பக்க லைட் எரியவில்லை, பீப்பும் இல்லை. மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்".

ஐ5 4460 ப்ராசசர், எச்81 போர்டு, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், 450 வாட் லோக்கல் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி). கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சாதாரணமாக பிளக்கைப் பிடுங்கவே மாட்டோம், 24 மணி நேரமும் சப்ளையில்தான் இருக்கும்.

இதுவரை செய்தது: வேறு பிளக் பாயின்ட்டில் போட்டாச்சு. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியாச்சு. பயாஸ் பேட்டரியும் (சிஆர்2032) புதுசு போட்டாச்சு. மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளை மட்டும் அன்றிரவு கழற்றவில்லை. சர்வீஸ் செய்பவர் போனிலேயே "இடியில் போர்டு போயிருக்கும், மாத்தணும்" என்கிறார். கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. எதை அளக்க வேண்டும்?

செம்புக்கம்பி:
போனில் கேட்டு போர்டு போச்சு என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது சரியாகவே இருந்தாலும் அது குருட்டு அடிதான்.

ரப்பர் வைத்தியம் இந்தக் கோளாறுக்கு உதவாது. ரேமையே கழற்றி வைத்தாலும் நல்ல போர்டில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளேதான் வராது. ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே இல்லை என்பது ஒரு நோய், ஃபேனே சுற்றவில்லை என்பது வேறு நோய். உங்களுடையது இரண்டாவது. பேட்டரி தீர்ந்தாலும் பெரும்பாலான போர்டுகள் ஆன் ஆகிவிடும், தேதியும் நேரமும்தான் மாறிப்போகும்.

முதலில் காசில்லாத சோதனை. மானிட்டரின் பவர் கார்டைக் கழற்றி சிபியுவில் மாட்டுங்கள். இதுவரை மானிட்டர் அதில்தான் எரிந்தது என்றால் அந்தக் கார்டும் அந்தப் பாயின்ட்டும் நல்லவை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ராக்கர் ஸ்விட்ச் "I" (ஆன்) பக்கம் இருக்கிறதா பாருங்கள். சில லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச்சும் இருக்கும். அது 230-லேயே இருக்கட்டும். 115-ல் வைத்து நம் ஊர் கரண்டைக் கொடுத்தால் டப்பென்று வெடிக்கும்.

அதற்குப் பிறகு அளக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஊதா வயர். பிளக்கில் சப்ளை இருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் இந்த வயரில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டாண்ட்பை என்பது இதுதான். பவர் பட்டன் வேலை செய்வதே இந்த 5 வோல்ட்டை நம்பித்தான். இது இல்லையென்றால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை.

மீட்டரை டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கருப்பு ப்ரோப் கேஸின் பெயின்ட் இல்லாத இரும்பில். சிவப்பு ப்ரோபை, போர்டில் மாட்டியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்பக்கமாக ஊதா வயர் நுழையும் ஓட்டையில் விட்டு உலோகத்தைத் தொடுங்கள். அது 9-ஆவது பின். 4.75-லிருந்து 5.25-க்குள் இருந்தால் சரி.

அது சரியாக இருந்தால் அடுத்தது பச்சை வயர், 16-ஆவது பின். கனெக்டரின் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசை, இரு பக்கமும் கருப்பு வயர் இருக்கும். ஆஃபில் இருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். பட்டனை அழுத்தியதும் போர்டு அதைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இழுக்க வேண்டும். இழுத்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் சரியில்லை, அல்லது எங்கோ ஷார்ட். இழுக்கவே இல்லை என்றால் பட்டனோ போர்டோ. பட்டனை ஒதுக்க, ஃப்ரன்ட் பேனல் பின்களில் பவர் ஸ்விட்ச் வயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பின்னையும் (பெரும்பாலான போர்டுகளில் 6, 8) ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் வேறு மாதிரி இருக்கும்: ஆன் ஆகி நாலு நொடியில் தானே ஆஃப் ஆகும்.

கடைசிபெஞ்ச்:
இவ்வளவு எதற்கு ப்ரோ? 24 பின்னைக் கழற்றி, பச்சையையும் கருப்பையும் ஒரு ஜெம் க்ளிப்பால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றும். சுற்றினால் எஸ்எம்பிஎஸ் ஓகே, போர்டுதான் அவுட்.

செம்புக்கம்பி:
@கடைசிபெஞ்ச் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம். சுற்றினால் எஸ்எம்பிஎஸ் ஓகே என்று சொல்ல முடியாது. லோடே (கரண்ட் இழுக்கும் பாகமே) இல்லாமல் 12 வோல்ட் காட்டும் சப்ளை, போர்டை மாட்டியதும் படுத்துவிடும். தலைகீழாகவும் ஏமாற்றும்: சூடேறும்வரை ஃபேன் சுற்றாத மாடல்கள் உண்டு, அதைப் பார்த்து நல்ல சப்ளையைத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். க்ளிப் போடுவதானால் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கையோ கேஸ் ஃபேனையோ லோடாக மாட்டி, மஞ்சள் வயர் 11.4–12.6, சிவப்பு 4.75–5.25, ஆரஞ்சு 3.14–3.47 வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

மழைத்தூறல்:
மானிட்டர் கார்டு மாற்றியும் அதே கதைதான். அளந்தது:

24 பின்னும், ப்ராசசர் அருகே உள்ள 4 பின் கனெக்டரும் போர்டில் மாட்டியிருக்கும்போது ஊதா 2.3 வோல்ட். நிலையாகவும் இல்லை, 1.9-க்கும் 2.6-க்கும் இடையே ஆடுகிறது. 24 பின்னைக் கழற்றிவிட்டு அளந்தால் 5.06 வோல்ட், அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ் நல்லது, போர்டுதான் ஷார்ட், சரிதானே? அவர் சொன்னதுதான் உண்மையா?

ஓம்விதி:
அவசரப்படாதீர்கள். இந்த ரீடிங்குக்கு இரண்டு அர்த்தம் உண்டு. போர்டில் ஏதோ ஒன்று ஸ்டாண்ட்பை வோல்ட்டை உறிஞ்சலாம். அல்லது எஸ்எம்பிஎஸ் தெம்பில்லாமல், சின்ன லோடுக்கே சாயலாம். மாட்டினால் விழுகிறது என்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

முதல் சந்தேகத்துக்குக் காரணம் உங்கள் லேன் கேபிள். பவர் பிளக்கைப் பிடுங்கினாலும் மின்னல் மோடம் வழியாக அந்தக் கேபிளில் வரும். போர்டில் உள்ள லேன் சிப், கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் ஸ்டாண்ட்பை சப்ளையில்தான் உயிரோடு இருக்கிறது. அது உள்ளே ஷார்ட் ஆனால் ஊதா வயர் இப்படித்தான் விழும். அப்படியானால் அந்தச் சிப் சுடும். பிளக்கில் போட்டு ஒரு நிமிடம் கழித்து லேன் போர்ட் அருகே உள்ள சதுரச் சிப்பின் மேல் விரல் வைத்துப் பாருங்கள்.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். 24 பின்னைக் கழற்றி, போர்டு பக்கத்தில் 9-ஆவது பின்னுக்கும் கேஸுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். கெப்பாசிட்டர் நிரம்பும்வரை எண் ஏறிக்கொண்டே போகும், நிற்கும்வரை பொறுங்கள். நூற்றுக்கணக்கில் நின்றால் பயமில்லை. 10-க்குக் கீழே நின்றால் ஷார்ட்.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸுக்கு லோடு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் கேளுங்கள். வெள்ளையாக, குட்டிச் செங்கல் மாதிரி இருக்கும். போர்டிலிருந்து கழற்றிய 24 பின்னில் ஊதாவுக்கும் ஒரு கருப்புக்கும் நடுவே அதைச் செருகி, பிறகு சப்ளை போடுங்கள். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும், அதாவது 2.5 வாட். சுடும், கை வைக்க வேண்டாம். லேபிளில் ஸ்டாண்ட்பைக்கு 2 அல்லது 2.5 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள், அதற்கு அரை ஆம்பியர் தூசு. 4.75-க்குக் கீழே போனால் குற்றவாளி எஸ்எம்பிஎஸ்.

மழைத்தூறல்:
லேன் சிப் சில்லென்று இருக்கிறது. போர்டு பக்கம் ஓம்ஸ் ஏறி 480-க்குப் பக்கத்தில் நின்றது. ரெசிஸ்டர் மாட்டியதும் ஊதா 5.06-லிருந்து 2.9-க்கு விழுந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தோம். பிறகு எப்படி அதே இரவில் எஸ்எம்பிஎஸ் போகும்?

ஓம்விதி:
இடி கெடுத்த மாதிரி தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கியதால் வெளியே வந்த பழைய கோளாறு இது.

ஸ்டாண்ட்பை சர்க்யூட்டில் சின்னச் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மற்ற பாகங்கள் நீங்கள் ஷட்டவுன் செய்தால் ஓய்வெடுக்கும், இவை பிளக்கில் இருக்கும்வரை உழைத்துக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் காய்ந்து உள்ளே இருக்கும் திரவம் வற்றும். அந்தச் சூடே அவற்றை ஓட்டிக்கொண்டும் இருக்கும். ஓர் இரவு சப்ளையை நிறுத்தி ஆறவிட்டால் காலையில் எழுந்திருக்காது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்ததும் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது என்று வருபவர்களில் பலருக்கும் இதுதான் நடந்திருக்கும்.

ஹேர் டிரையரால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் சூடு ஊதினால் சில நேரம் ஆன் ஆகிவிடும். ஆனால் அதை வைத்து ஓட்டாதீர்கள். சில பழைய டிசைன்களில் இதே கெப்பாசிட்டர் இன்னும் கெட்டால் ஸ்டாண்ட்பை வோல்ட் விழுவதற்குப் பதில் ஏறும். அப்போது நிஜமாகவே போர்டு போகும்.

செம்புக்கம்பி:
எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சால்டரிங் பழக்கம் இல்லாவிட்டால் வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.

புதுசு வாங்கும்போது அட்டையில் போட்ட 450, 500-ஐ நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 4460 சிப் 84 வாட்தான், கிராபிக்ஸ் கார்டும் இல்லை, 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் நிஜமாகக் கொடுக்கும் சப்ளை உங்களுக்குத் தாராளம். மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ் என்றால் அதோடு வந்த கேபிளை மட்டும் போடுங்கள். வேறு கம்பெனி கேபிள் செருகிக்கொள்ளும், ஆனால் பின் வரிசை மாறியிருக்கும். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் புகைந்துவிடும்.

மாட்டும்போது ப்ராசசர் அருகே உள்ள 4 பின்னை மறந்துவிடாதீர்கள். அதை விட்டால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது, மறுபடி ரப்பரைத் தேடுவீர்கள். முதல் தடவை ஒரு ரேமோடு மட்டும், டிஸ்க்குகள் இல்லாமல் ஆன் செய்யுங்கள். ஃபேன் அரைச் சுற்று சுற்றி டக்கென்று நின்றால் அது ஷார்ட்டுக்கு எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. அப்போது யுஎஸ்பி போர்ட்டில் வளைந்த தகடு, போர்டுக்கு அடியில் இடம் மாறிய பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) இவற்றைத் தேடுங்கள்.

நடுவரிசை:
இந்தத் திரியைப் படித்துவிட்டு பிராண்டட் மெஷினில் யாரும் வயர் நிறத்தைத் தேட வேண்டாம். டெல், ஹெச்பி, லெனோவா ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் 24 பின்னே இருக்காது, தனி கனெக்டர்தான். டெல் எஸ்எம்பிஎஸ் பலவற்றில் பின்பக்கம் ஒரு சின்னச் சோதனை பட்டனும் பச்சை லைட்டும் இருக்கும், முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.

மழைத்தூறல்:
புது எஸ்எம்பிஎஸ் மாட்டியாச்சு. போர்டோடு சேர்த்து ஊதா 5.04. பட்டனை அழுத்தியதும் வந்துவிட்டது, விண்டோஸும் ஓடுகிறது. லேன் மட்டும் வரவில்லை, போர்ட்டில் லைட்டே இல்லை. மோடத்தின் நாலு போர்ட்டிலும் மாற்றிப் பார்த்தேன். லேப்டாப்பில் அதே கேபிள் வேலை செய்கிறது.

ஓம்விதி:
அதைத்தான் அந்த மின்னல் எடுத்திருக்கிறது. ஷார்ட் ஆகாமல் சும்மா செத்திருக்கிறது, உங்கள் நல்ல நேரம். பயாஸில் ஆன்போர்டு லேனை டிஸேபிள் செய்துவிட்டு ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டரோ பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டோ போடுங்கள். இதற்காக போர்டு மாற்ற வேண்டாம்.