மோட்டார் இல்லாமல் சாடிகளுக்குத் தண்ணீர்: திருகோணமலை வீட்டுத்தோட்டக்காரர் அனுபவங்கள்

உவர்மலை மாடித்தோட்டம்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மாடியில் உள்ள சாடிகளுக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைவரை தாங்குவதில்லை. நமக்கு மழை என்றால் ஐப்பசி முதல் தை வரைதான். வைகாசியிலிருந்து ஆவணி முடியும் வரை மேற்கிலிருந்து வரும் இந்தக் காய்ந்த காற்று. வெயிலையாவது நிழல்வலை கட்டித் தடுக்கலாம், இதை எதைக் கட்டித் தடுப்பது? நல்லூர்த் திருவிழாவும் இந்த மாதங்களில்தான் வருகிறது. 25 நாளும் இல்லாவிட்டாலும் தேர் தீர்த்தத்துக்காவது யாழ்ப்பாணம் போகாமல் எங்கள் வீட்டில் தப்ப முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், அவர் பாவம், கத்தரிக்கும் கற்றாழைக்கும் ஒரே வாளிக் கணக்கில் ஊற்றிவிடுவார்.

இப்போது வேலை செய்வது இது. வெல்டிங் கடையில் செய்வித்த நான்கடி இரும்புச் சட்டகம், அதன்மேல் 200 லீற்றர் நீலப் பரல். பரலின் அடியில் ஒரு வால்வு, அடுத்து வடிகட்டி, அதிலிருந்து அரை அங்குலக் கறுப்புக் குழாய். ஒவ்வொரு சாடிக்கும் 4 மில்லிமீற்றர் சிறு குழாய் பிரிகிறது. நிறைந்த பரலில் தண்ணீர் மட்டும் 200 கிலோ. ஆகவே சட்டகத்தின் கால்கள் கீழே சுவர் ஓடுகிற இடத்துக்கு நேர்மேலே நிற்க வேண்டும், மாடித் தட்டின் நடுவில் அல்ல.

இதில் எல்லாமே உயரக் கணக்குத்தான். பத்து மீற்றர் உயர நீர் இருந்தால்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். என் பரலின் நீர்மட்டம் சாடி வாயிலிருந்து ஆறடி உயரத்தில் இருக்கிறது, அதாவது 0.2 பாரைக்கூட எட்டாது. முதலில் நகரிலுள்ள ஒரு கடையில் "எந்தத் தாங்கிக்கும் சரிவரும்" என்று சொல்லி சிறு குழாயின் முனையில் பூட்டுகிற சொட்டான்களில், அழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் வகையைப் பொதி கணக்கில் தந்துவிட்டார்கள். பூட்டியபின் பாதியில் ஈரம்கூட வரவில்லை. ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே நகக்கண் அளவில் ஒரு மென்மையான இறப்பர் வட்டு. அந்த வகை பெரும்பாலும் 0.5 பாருக்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். மோட்டார் உள்ள பண்ணைக்கு அது அருமையான பொருள், பரல் வைத்திருக்கிற நமக்கு ஆகாது. மேல்மூடியைத் திருகி ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற சாதாரண வகையே போதும், விலையும் குறைவு.

இன்னொன்று, பரலைப் பெரிதாக்குவதைவிட உயர்த்துவது நல்லது. துளை வழியாக வரும் ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீர்மட்டம் ஆறடியிலிருந்து மூன்றடிக்கு இறங்கினால் ஓட்டம் 30 வீதமளவில் குறையும், கன்றுகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். மூன்றடியில் தொடங்கி முக்காலடிக்கு இறங்கினால் பாதியாகிவிடும்.

சாடிகளையும் கூடியவரை ஒரே மட்டத்தில் வையுங்கள். தரையில் நிற்கும் சாடி, ஸ்டூலில் நிற்கும் சாடியின் பங்கையும் சேர்த்துக் குடித்துவிடும். குழாய் எங்கேயும் மேலே ஏறி இறங்கக் கூடாது. என் குழாய் முதலில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏறி இறங்கியது. வால்வு முழுதாகத் திறந்திருந்தும் மேட்டுப் பகுதியில் காற்றுக் குமிழ் ஒன்று அசையாமல் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடவே இல்லை. சுவரில் துளை போட்டு நேராகக் கொண்டுபோனபின்தான் விட்டது.

நிலாவெளிக் கிணற்றடி

அண்ணா, உங்களுக்குக் கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், கொடுத்துவைத்தவர். எங்கள் பக்கம் கடல் கூப்பிடு தூரம். ஆடி ஆவணியில் கிணறு இறங்க இறங்க உவர் ஏறும். அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு சாடியிலேயே தங்குகிறது. ஈரம் முடிகிற ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு மிளகாய் இலையின் நுனி கருகும். வாளியால் ஊற்றும்போது மிஞ்சிய தண்ணீர் அடித்துளையால் போகும், உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். சொட்டுநீரில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது சாடியின் அடியால் நன்றாக வடியும்வரை ஊற்றிக் கழுவுகிறேன். மாரியில் பீலியால் வரும் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் அதையே இதற்குப் பயன்படுத்தலாம். போகன்விலாவும் நித்தியகல்யாணியும் உவரைப் பொருட்படுத்துவதில்லை. போஞ்சி நட்டால் மனவருத்தம்தான்.

சொட்டான் அடைத்தால் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டுக் கழுவினால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும்.

தாதி அக்கா

பத்துப் பன்னிரண்டு சாடிக்கு இவ்வளவு குழாயும் சட்டகமும் வேண்டியதில்லை. சேலைன் ஏற்றும் செட் மருந்துக்கடையில் வாங்கலாம். புதியதை மட்டும் வாங்குங்கள். வைத்தியசாலையில் ஒருவருக்குப் பயன்படுத்தியதை "கழுவிவிட்டோம்" என்று யாராவது தந்தால் தொடவே வேண்டாம், அது மருத்துவக் கழிவு.

போத்தலைத் தலைகீழாகக் கட்டி அடியை வெட்டித் திறந்துவிட வேண்டும், காற்றுப் போகாவிட்டால் தண்ணீர் இறங்காது. சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு என்று சக்கரத்தைத் திருகினால் மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றர், ஒரு நாளைக்கு 720. பத்து அங்குலச் சாடியில் நிற்கும் ஒரு மிளகாய்க் கன்றுக்கு அது தாராளம். சிறிய செவ்வந்திக்கு நாலு சொட்டுப் போதும். சொட்டறையைப் பார்த்துக்கொண்டு கைக்கடிகாரத்தில் எண்ணுவது எங்களுக்குப் பழக்கம். நீங்கள் எண்ணும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள்.

குறை ஒன்று உண்டு. போத்தலில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் மெதுவாகும். வாட்டில் என்றால் போய்த் திருத்திவிட்டு வரலாம், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் யார் திருத்துவது?

மாமி இதைப் பார்த்துவிட்டு, "கோவிலில் சிவலிங்கத்துக்கு மேலே கட்டுகிற தாராபாத்திரத்தைக் கொண்டுவந்து கத்தரிக்குக் கட்டியிருக்கிறாய்" என்றார். உண்மைதானே. அக்கினி நட்சத்திர காலத்தில் அடியில் துளையிட்ட பாத்திரத்தில் தர்ப்பை செருகி நாள் முழுக்கத் தாரை விழவைக்கிறார்கள். மின்சாரம் கேட்காத சொட்டுநீர்.

பாலையூற்று வாத்தியார்

ஆளில்லாத நேரத்தில் யார் திருத்துவது என்று தாதித் தங்கச்சி கேட்ட கேள்விக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே பதில் இருக்கிறது. மரியொட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்கும் போத்தல் அது. உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு எங்கேயோ கேட்ட ஞாபகம் வரலாம்.

போத்தலின் மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கிவிட வேண்டும். மூடியில் துளையிட்டு ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அதன் கீழ்முனை அடியிலிருந்து இரண்டு அங்குலத்தில் நிற்கச் செய்யுங்கள். துளையைச் சுற்றி ஒட்டுப்பசை. தண்ணீர் வெளியேறும் துளை அதற்கும் கீழே, போத்தலின் அடியோரத்தில். இப்போது காற்று அந்தக் குழாயால் மட்டுமே உள்ளே வர முடியும். ஓட்டத்தைத் தீர்மானிப்பது குழாயின் கீழ்முனைக்கும் தண்ணீர் வெளியேறும் இடத்துக்கும் உள்ள உயரம்தான். மேலே போத்தல் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் சொட்டு ஒரே கணக்கில் விழும். நீர்மட்டம் கீழ்முனைக்கு இறங்கும்வரை இது மாறாது. குழாயின் முனையில் கொப்புளம் ஒவ்வொன்றாகப் பிரிந்து மேலே போவதைப் பார்த்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒரே நிபந்தனை, போத்தல் நிழலில் இருக்க வேண்டும். வெயில் பட்டால் மேலே உள்ள காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளும், பகல் பதினொரு மணிக்குச் சாடி நனைந்து வழியும். சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஓரளவு சரி.

கிண்ணியா உம்மும்மா தோட்டம்

குழாய் இழுத்தால் அடைக்கும், அணில் கடிக்கும். எங்கள் உம்மும்மா காலத்திலிருந்து மண்முட்டிதான். மெருகிடாத சிறு முட்டியைப் பெரிய சாடியின் நடுவில் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, ஓட்டுத்துண்டால் மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் முட்டியின் சுவரால் ஈரம் கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். வால்வு திருகும் வேலையை மண்ணே பார்த்துக்கொள்கிறது. சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படிச் செய்தார்கள் என்று மகன் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னான். உம்மும்மா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

முட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். அதிகம் வெந்து கணீரென்று ஒலிப்பது கசியாது. நிலாவெளிச் சகோதரர் சொன்ன உவர்த் தண்ணீரை விட்டால் ஒரு வருடத்தில் சுவர்த் துளைகள் அடைத்துக்கொள்ளும், அதற்கு மருந்தில்லை, புதிய முட்டிதான்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். 2017இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பரல், போத்தல், சாடித்தட்டு, எதிலும் தண்ணீர் திறந்து கிடக்கக் கூடாது. தாதி அக்காவின் அடி வெட்டிய போத்தலுக்கு மேலே நுளம்புவலைத் துண்டை இறப்பர் பட்டியால் கட்டுங்கள். பரலின் மூடியில் காற்றுக்கு விடும் துளைக்கும் வலை வேண்டும். சாடிக்குக் கீழே தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள்.

கோட்டை வீதிப் பக்கத்து வீடு

கிண்ணியாவில் அணில் கடிக்கிறது என்கிறீர்கள். எங்களுக்கு மான். பிரெட்றிக் கோட்டைப் பக்கம் இருந்து வருகிறவை மதிலோரம் நிற்கும் செவ்வரத்தையை மட்டும் தின்றுவிட்டுப் போனால் பரவாயில்லை. காய்ந்த காலத்தில் சொட்டுக்குழாயின் ஈர வாசனையை எப்படியோ கண்டுபிடித்துப் பல்லால் இழுத்துவிடும். குழாய் ஒரு பக்கம், பூச்சாடி ஒரு பக்கம். விரட்டவும் மனம் வருவதில்லை, ஊரே செல்லமாக வளர்க்கிற மான். இப்போது சிறு குழாய்களை எல்லாம் சாடியின் அடித்துளை வழியாக உள்ளே ஏற்றி, தும்புச்சோற்றுக்கு அடியில் மறைத்துவிட்டேன். மேலே ஒரு சொட்டும் தெரியாது. செவ்வரத்தையைத்தான் இன்னும் தின்கின்றன.

அன்புவழிபுரம் புதியவர்

உவர்மலை அண்ணா, வால்வை நேரத்துக்குத் திறந்து மூட பற்றரியில் ஓடும் டைமர் விற்கிறார்களே, பரலுக்கு அது சரிவருமா? நாள் முழுக்கச் சொட்டவிட விருப்பமில்லை.

உவர்மலை மாடித்தோட்டம்

தம்பி, டைமர் இரண்டு வகை. ஒன்று மின்காந்தத்தால் திறக்கும் மென்தகட்டு வால்வு. பெரும்பாலானவற்றில் அந்தத் தகட்டைத் தூக்கத் தண்ணீரின் அழுத்தம் வேண்டும், பரல் அழுத்தத்தில் ஒன்றில் திறக்காது, அல்லது திறந்தபின் சரியாக மூடாது. நம்முடைய சொட்டான் கதைதான். மற்றது சிறு மோட்டாரால் உருண்டை வால்வைத் திருப்புவது. அதற்கு அழுத்தமே தேவையில்லை. பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் 0 பார் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் ஒன்றும் எழுதாவிட்டால் வாங்க வேண்டாம். பூட்டியதும் வாயால் ஊதிப் பாருங்கள், திறந்த நிலையில் தடையில்லாமல் காற்றுப் போக வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, வெயில் இறங்கியபின் ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். பகலில் வைத்தால் கறுப்புக் குழாயில் கிடந்து கொதித்த தண்ணீர் முதலில் வேரில் விழும். பற்றரி தீரும்போது வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டால் பரல் முழுவதும் ஓடிவிடும், ஆகவே ஊருக்குப் போகுமுன் புதிய பற்றரி. வடிகட்டியை டைமருக்கு முன்னால் பூட்டுங்கள், பின்னால் பூட்டினால் மண்துகள் உருண்டையில் சிக்கும்.

வாத்தியார் ஐயா, உங்கள் போத்தலைப் பெரிய பரலிலேயே செய்து பார்க்க ஆசை. ஆனால் நீலப் பரலின் மூடி வெயிலில் நெளிந்துவிட்டது, காற்றுப் புகாமல் இறுகுவதாக இல்லை. இறப்பர் வளையம் போட்டு இரும்புப் பட்டி பூட்டுகிற பரல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இரசாயனம் வைத்திருந்த பரலாக இல்லாமல் இருந்தால் நல்லது.