சொகுசுப் படகில் முதல் சமையல் வேலை: இரண்டு அனுபவங்கள்

குளச்சலிலிருந்து:

நாகர்கோவிலில் கேட்டரிங் படித்து, துபாய் ஓட்டல் ஒன்றின் அடுக்களையில் வேலை பார்த்த பிறகே நான் படகுக்கு மாறினேன். இதே வேலையைத் தேடும் தம்பிகள் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்: சமையல் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே கடல் சான்றிதழைக் கேட்பார்கள். தீயணைப்பு, முதலுதவி, கடலில் விழுந்தால் உயிர் தப்பும் முறை ஆகியவற்றைக் கற்பிக்கும் எஸ்.டி.சி.டபிள்யூ. (கடல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச விதிமுறை) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் கொடியுள்ள படகுகளில், அந்நாடு அங்கீகரித்த மருத்துவர் தரும் இ.என்.ஜி.1 உடல்தகுதிச் சான்றையும் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள்.

பிரான்சின் ஆன்டீப், ஸ்பெயினின் பால்மா போன்ற துறைமுகங்களில், கோடைப் பருவம் தொடங்குவதற்கு முன் இளைஞர்கள் படகு படகாக ஏறி இறங்கி வேலை கேட்பது வழக்கம். நம்மவர்களுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். வேலை செய்யும் உரிமையும் அதில் கிடையாது. செலவோ லட்சங்களில் போகும். வளைகுடாவில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் அங்குள்ள வாடகைப் படகுகளில் முயல்வதே நல்லது. எனக்கும் அப்படித்தான், ஒரு சமையல்காரர் விடுப்பில் போன இடத்தில் வாய்ப்புக் கிடைத்தது.

கேப்டன் வைத்த சோதனைச் சமையல் விருந்தினருக்கானது அல்ல, பணியாளர்களின் மதிய உணவுக்கானது. குளிர்பெட்டியில் இருப்பதை வைத்தே சமைக்க வேண்டும், ஒருவர் கோதுமை சாப்பிட மாட்டார், 12 மணிக்கு உணவு மேசைக்கு வந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒருவர் திரும்பி நிற்கவே இடம் போதாத அந்த அடுக்களையில், நம் ஊர் முறையில் தேங்காய் அரைத்து, மிளகாயை மட்டும் வெகுவாகக் குறைத்து மீன்கறி வைத்தேன். கூடவே சோறும் சாலட்டும் இருந்தன. அவர் கறியை ருசித்ததைவிட, அடுப்பில் பாத்திரம் நகராதபடி தடுப்புக் கம்பிகளைப் பொருத்தியிருக்கிறேனா, இழுப்பறைகளைப் பூட்டியிருக்கிறேனா, சமைத்துக்கொண்டே கழுவி வைக்கிறேனா என்பதையே அதிகம் கவனித்தார். ஓட்டலில் பாத்திரம் கழுவத் தனி ஆள் உண்டு. சிறிய படகில் அந்த ஆளும் நாம்தான். ஆகவே விண்ணப்பத்தில் அலங்காரத் தட்டுகளின் படங்களை மட்டும் அடுக்காமல், பணியாளர்களுக்கு அன்றாடம் சமைத்த அனுபவத்தையும் எழுதுங்கள். கேப்டன்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

முட்டத்திலிருந்து:

அண்ணன் எழுதியதோடு பண விஷயத்தையும் சேர்க்க விரும்புகிறேன். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவர் என்னிடம் பெருந்தொகையை முன்பணமாகக் கேட்டார். இந்தியாவும் ஏற்றுள்ள 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலையில் அமர்த்துவதற்காகக் கடல் பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது; மருத்துவச் சான்று, கடல் பணியாளர் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு நம்முடையது, விசாச் செலவு படகு உரிமையாளருடையது. கடல் பணிக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமத்தின் எண்ணை நான் கேட்ட பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இன்னொன்று: அந்த உடன்படிக்கைக்கு உட்பட்ட படகில் பணியாளர்கள் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், முழுத் தகுதி பெற்ற கப்பல் சமையல்காரர் ஒருவர் இருப்பது பொதுவாகக் கட்டாயம். பெரிய படகுக்குப் போக நினைப்பவர்கள் அந்தச் சான்றுக்கும் இப்போதே தயாராவது நல்லது.