கி.பி. 1498-க்கு மற்ற ஆண்டுக் கணக்குகளில் எந்த எண் போடுவது?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். மஞ்சக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சுவர் அட்டவணை தயாராகிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த 1498-ஐப் பல நாட்டு ஆண்டுக் கணக்குகளில் காட்ட வேண்டும். சகம் (சாலிவாகன சகாப்தம்) 1419 என்று ஓரிடத்தில் இருக்கிறது, 1420 என்று இன்னோரிடத்தில். கேரளத்துக் கொல்லம் ஆண்டு 673-ஆ 674-ஆ? ஹிஜ்ரி 903-ஆ 904-ஆ? தமிழ் வருஷம் பிங்களவா காளயுக்தியா? அச்சுக்குப் போகும் முன் தெரிய வேண்டும்.

பாடலிக்காரன்:
சார், எல்லா எண்ணும் சரிதான். ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்தால் ஒவ்வொரு கணக்கிலும் இரண்டு ஆண்டு மாட்டும். அதனால் ஆண்டை மாற்றாதீர்கள், ஒரு நாளைப் பிடித்து மாற்றுங்கள். காமா வந்த நாள் 1498 மே 20, ஞாயிறு.

அந்த வருஷம் சித்திரை பிறந்தது ஏப்ரல் 14-ல் இல்லை. அன்றைய ஜூலியன் தேதிப்படி (1582 திருத்தத்துக்கு முந்தைய ஐரோப்பிய நாட்காட்டி) மார்ச் 27-ஐ ஒட்டி. அதற்கு முன்பு சகம் 1419, பிங்கள. பிறகு சகம் 1420, காளயுக்தி. மே 20 என்றால் வைகாசி 24 வாக்கில் வரும்.

சரிபார்க்க ஒரு வழி: சக எண்ணோடு 12 கூட்டி 60-ஆல் வகுங்கள். மீதிதான் பிரபவ முதல் எண்ணும் வரிசை. 1420 + 12 = 1432, மீதி 52; ஐம்பத்திரண்டாவது காளயுக்தி. மீதி வராவிட்டால் அட்சய.

கல்வெட்டில் ‘சகாப்தம் இத்தனையின் மேல் செல்லாநின்ற’ என்று இருந்தால், அந்த எண் முடிந்துவிட்டது, அடுத்தது நடக்கிறது என்று பொருள். கலியுகக் கணக்கும் அப்படியே. 4599 கழிந்து 4600 நடக்கிறது. எதைப் போட்டாலும் கழிந்ததா நடப்பதா என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு வருஷம் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

வில்லியனூர் வாசகர்:
கொல்லத்துக்கு மே 20-ல் 673, இடவ மாதம் (நம் வைகாசி). தெற்கே சிங்க மாதத்தில் (ஆவணி) ஆண்டு பிறக்கும். கோழிக்கோடு உள்ளிட்ட வடக்கே கன்னி மாதத்தில்தான் (புரட்டாசி). ஆக 674 தெற்கே ஜூலை கடைசியிலும் வடக்கே ஆகஸ்ட் கடைசியிலும் தொடங்கியது.

ஹிஜ்ரி 904 பிறந்தது 1498 ஆகஸ்ட் 19. மே 20 அன்று 903, ரமலான் மாதக் கடைசி.

இணையத்தில் தேதி மாற்றும் பக்கங்களில் கவனம் தேவை. பல பக்கங்கள் கிரிகோரியன் தேதியைத்தான் (இன்றைய நாட்காட்டி) கேட்கும். 1498-க்கு வித்தியாசம் 9 நாள். அங்கே மே 29 என்று கொடுக்க வேண்டும். பத்து நாள் என்பது 1582-ல் தேதியைத் திருத்தியபோது இருந்த வித்தியாசம், அதை இங்கே போட்டால் ஒரு நாள் தள்ளும்.

புதுவையில் பிரெஞ்சு ஆவணம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசர் எட்டாம் சார்லஸ் இறந்தது 1498 ஏப்ரல் 7. அன்றைய பிரெஞ்சு வழக்கத்தில் ஈஸ்டர் அன்றுதான் ஆண்டு மாறும். அந்த வருஷ ஈஸ்டர் ஏப்ரல் 15. அதனால் அக்காலப் பதிவில் அவர் இறந்த ஆண்டு 1497 என்றே இருக்கும். வெனிஸில் மார்ச் 1, ஃபுளோரன்ஸிலும் இங்கிலாந்திலும் மார்ச் 25. ஐரோப்பாவுக்குள்ளேயே ‘1498’ ஒரே நாளில் பிறக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். அட்டவணையில் இதற்குத் தனிக் கட்டமே ஒதுக்கலாம்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி. யூதர், சீனா, எத்தியோப்பியா?

பாடலிக்காரன்:
மே 20-க்கு யூதக் கணக்கு 5258, எத்தியோப்பியா 1490, பைசாந்தியம் (கிழக்கு ரோமப் பேரரசு) 7006. மூன்றும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் ஒன்று கூடும். சீனாவில் ஹோங்சி என்ற ஆட்சிக்காலத்தின் 11-ஆம் ஆண்டு, குதிரை ஆண்டு. ஜப்பானில் மெய்ஓ என்ற ஆட்சிக்காலத்தின் 7-ஆம் ஆண்டு.

விக்கிரம சகாப்தம் போடுவதாக இருந்தால், சைத்திர மாதத்தில் ஆண்டு பிறக்கும் வட இந்தியக் கணக்கில் 1555, குஜராத்தில் கார்த்திகையில் பிறப்பதால் 1554. இடம் இல்லையென்றால் இரண்டில் ஒன்றை மட்டும் போட்டு, எந்த ஊர் வழக்கு என்று குறித்தால் போதும்.