நோர்வேயில் எல்க் வேட்டைக்குப் போகிறீர்களா? சன்னம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஒஸ்லோவை விட்டுத் தள்ளி, எல்வெரும் (Elverum) பக்கமோ ட்ரோண்டெலாக் பக்கமோ வேலை கிடைத்துப் புதிதாகப் போயிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. செப்டெம்பர் வந்தால் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் எல்க் வேட்டையைத் தவிர வேறு கதை இருக்காது. "நீயும் வாறியா" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். போங்கள். அந்த ஊர்ச் சனத்தோடு நெருங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எல்க் என்றால் கனடாவில் இருக்கிற நம்மவர்கள் மூஸ் என்று சொல்கிற அதே மிருகம்தான், வளர்ந்த ஆண் 400 கிலோவையும் தாண்டும்.

அனுமதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் யேகர்ப்ரோவன், அதாவது 30 மணித்தியால வகுப்பும் 50 கேள்விப் பரீட்சையும், அதில் 40 சரியாக வர வேண்டும். பிறகு துவக்குக்குப் பொலிஸ் அனுமதி. பெரிய மிருகங்களுக்குப் போவதென்றால் ஒவ்வொரு வருடமும் சுடும் பரீட்சை உண்டு: 30 பயிற்சி வெடி வைத்த பிறகு, 100 மீற்றரில் 5 வெடியும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். இவையெல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். வகுப்பில் அவசரமாகக் கடந்து போகிற விஷயம் சன்னம், அதாவது ரவையின் (முழுத் தோட்டாவின்) முனையிலிருந்து பறந்து போய் மிருகத்தில் படுகிற உலோகத் துண்டு. எல்லோரும் எந்தத் துவக்கு, எந்தக் காலிபர் (குழல் அளவு) என்றுதான் கேட்கிறார்கள். 6.5×55, .308, .30-06 மூன்றுமே இங்கே தலைமுறை தலைமுறையாக எல்க் விழுத்தியவைதான், எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். சன்னம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதில்தான் உங்கள் யோசனை முழுவதும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? எல்குக்குச் சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்க வேண்டும், பட்டவுடன் விரிகிற வகையாக இருக்க வேண்டும். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீற்றரில் 2700 ஜூல் சக்தி தேவை, 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 ஜூல் போதும். இது தெரியாமல் 6.5 துவக்குக்கு 9.1 கிராம் சன்னம் வைத்த ரவை வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. சாதாரண 6.5×55 அந்த எடையில் 2700ஐ எட்டாது. அதே துவக்கில் 10.1 கிராம் போட்டால் தாராளமாகச் சட்டத்துக்குள் வரும். பெட்டியின் பக்கத்தில் எடையும் 100 மீற்றர் சக்தியும் அச்சடித்திருக்கும், காசு கொடுக்க முதல் வாசியுங்கள். முழுக்க உலோக உறை போட்ட சன்னம் பயிற்சிக்கு மட்டும். அது விரியாது, ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும், மிருகம் மணிக்கணக்காக வேதனைப்பட்டுச் சாகும்.

இனி விரிகிற வகைகள். பழைய மாதிரி மென்முனைச் சன்னத்தில் ஈயக் கருவைச் சுற்றி மெல்லிய செப்பு உறை மட்டும் இருக்கும். மலிவு, நன்றாக விரியும், ஆனால் கிட்டத்தில் வேகமாகப் போய்த் தோள் எலும்பில் பட்டால் உடைந்து சிதறிவிடும். 1946இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டபோது சன்னம் உள்ளே போகாமல் மேலேயே சிதறியதாம். அந்த எரிச்சலில்தான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் சன்னத்தைச் செய்தார், முன்பாதி விரிய, பின்பாதி உடையாமல் ஆழமாகப் போகும். அடுத்தது ஈயத்தை உறையோடு ஒட்டிச் செய்கிற வகை. சுவீடனின் நோர்மா ஓரிக்ஸ் அப்படிப்பட்டது, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கடைசியாக முழுச் செம்பு: பார்ன்ஸ், லப்புவா நச்சுராலிஸ் போன்றவை. முனை மலர்ந்து விரியும், எடை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், மறுபக்கத்தால் வெளியேறவும் செய்யும். வெளியேறுவது முக்கியம். இரண்டு நுரையீரலும் ஓட்டையானாலும் எல்க் நின்ற இடத்திலேயே விழாது, 50, 100 மீற்றர் அடர்காட்டுக்குள் ஓடும். இரண்டு பக்கத் துவாரம் இருந்தால் இரத்தத் தடம் பிடித்துப் போகலாம்.

என் தெரிவு செம்புதான், அதற்குக் காரணம் நம் சமையல். ஈயச் சன்னம் போகிற வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விட்டுவிட்டுப் போகிறது. காயத்தைச் சுற்றி நன்றாக வெட்டி எறிந்தாலும் தூரத்தில் இருக்கிற துகள் தப்பிவிடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் கூடாது. நோர்வீஜியர் நல்ல துண்டுகளைப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். நாங்களோ விலா, தோள்ப்பகுதி, எலும்போடு சேர்ந்த இறைச்சி எல்லாவற்றையும் கறிக்கு எடுக்கிறோம், சன்னம் படுகிற இடமே அதுதான். அதற்கு மேல் புளியோ வினாகிரியோ தேசிக்காயோ சேர்க்கிறோம், புளிப்பில் ஈயம் இன்னும் கூடுதலாகக் கரையும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. டென்மார்க்கில் இருக்கிற உறவினரோடு வேட்டைக்குப் போகிறவர்கள் கவனியுங்கள், அங்கே 2024 ஏப்ரல் முதல் ரைபிள் ரவையிலும் ஈயம் தடை.

செம்பிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதனால் ஒரே எடைக்குச் சன்னம் நீளமாகிவிடும், சில பழைய துவக்குகளின் குழல் முறுக்கு (சன்னத்தைச் சுழல வைக்கிற உள்வரிகள்) அதற்குப் பொருந்தாமல் சன்னங்கள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். விரிவதற்கு வேகமும் வேண்டும், நீண்ட தூரத்தில் வேகம் குறைந்தால் சரியாக மலராது. காட்டுக்குள் 100 மீற்றருக்குக் கிட்டத்தான் பெரும்பாலும் சுடுவோம் என்பதால் அது பெரிய குறை இல்லை. 6.5 துவக்கில் செம்பு போடுகிறவர்கள் மேலே சொன்ன 9 கிராம் கணக்கை மறக்க வேண்டாம், நிறையச் செம்புச் சன்னங்கள் அதற்குக் கீழேதான் வருகின்றன. .308, .30-06 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அப்புறம் ஒன்று, வெவ்வேறு சன்னம் ஒரே துவக்கில் ஒரே இடத்தில் விழாது. 100 மீற்றரில் பல சென்ரிமீற்றர் விலகும். ஆகவே இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள், எது நெருக்கமாக விழுகிறதோ அதில் வேட்டைக்காலம் முழுவதற்கும் போதுமான அளவு சேர்த்து வாங்குங்கள், தொலைநோக்கியையும் அதற்கே சரிசெய்யுங்கள். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது குழலை நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். சுடும் பரீட்சைக்கு மலிவு ரவை, வேட்டைக்கு வேறு ரவை என்று போகிறவர்கள், காட்டுக்குப் போக முதல் வேட்டை ரவையில் சில வெடி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கே பட்டது என்று சந்தேகமாக இருந்தால் உடனே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். தடம் பிடிக்கும் நாய் ஒன்று கூப்பிட்டால் வரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது இங்கே எல்க் வேட்டைக்குச் சட்டம். எவ்வளவு நல்ல சன்னம் என்றாலும் வயிற்றில் பட்டால் ஒன்றும் செய்ய முடியாது, முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரல் இருக்கிற இடம் தெளிவாகத் தெரிகிற வரை பொறுத்திருங்கள்.

வீட்டில் தானே நிரப்பிய ரவையைச் சிலர் அன்பாகத் தருவார்கள். அடுத்தவர் துவக்குக்கு அளந்து நிரப்பிய வெடிமருந்து உங்கள் துவக்கில் அமுக்கத்தைக் கூட்டி ஆபத்தாக முடியலாம். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்கு வோப்பன்கூர்ட்டை (உங்கள் துவக்கு அனுமதி அட்டையை) கொண்டுபோய்ப் பெட்டி ரவையாக வாங்குங்கள், அது இல்லாமல் எந்தக் கடையிலும் தர மாட்டார்கள்.